என் பெயரில் இருந்த அக்காவின் அட்டை

1

இதை எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டு ஏரோகிராம் போட்டேன். பதில் வர மூன்று கிழமை ஆயிற்று. எழுதலாம் என்று சொல்லி இரண்டு நிபந்தனை வைத்திருந்தாள். முதலாவது, அவளுடைய பெயரை மறைக்கக்கூடாது. இரண்டாவதை அவள் எழுதியபடியே தருகிறேன்: "நான் சொல்லாததை நான் சொன்னதாக எழுதாதே. உனக்கு அந்தப் பழக்கம் இருக்கு."

இருக்கிறதுதான். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்காவின் பெயர் யோகாம்பிகை. எங்கள் ஊரான கட்டைபறிச்சானில் தையல்கார யோகக்கா என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் வீட்டைக் காட்டும். நான் அவளுடைய தம்பி சிவலிங்கம். இங்கிலாந்துக்கு வந்து பதினொரு வருடம். வடக்கே, மழையும் செங்கல் வீடுகளுமான ஒரு சிறு பட்டணத்தில், பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை. மனைவி நேசம். மகள் வதனிக்குப் பதினான்கு வயது. தமிழில் கேட்டால் விளங்கும். பதில் ஆங்கிலத்தில் வரும். இப்போது சில நாட்களாகப் பதிலே தோளைக் குலுக்குவதாக மாறியிருக்கிறது. அதை எந்த மொழியில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

2

இந்தக் குளிர்காலத்தில் எனக்கு நித்திரை இல்லாமல் போயிற்று. சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் யன்னலோரக் கதிரையில் இருந்தால் எழும்ப மனம் வராது. நேசம் முதலில் கண்ணூறு என்றாள், மிளகாய் சுற்றிப் போட்டாள். அந்தப் புகைக்குப் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் ஓடிவந்து, நெருப்புப் பிடித்துவிட்டதா என்று கதவைத் தட்டினார். பிறகு குளிர்தான் காரணம் என்றாள். கடைசியில் டொக்டரிடம் நாள் எடுத்தாள்.

மூன்று பேராகப் போனோம். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். நோயென்று போகிற வருத்தக்காரன் வாய் திறக்கிறதில்லை. கூடப் போகிறவர்தான் சொல்லவேண்டும். நேசம் தமிழில் சொன்னாள், வதனி அதை ஆங்கிலமாக்கினாள். நேசம் ஐந்து நிமிடம் சொன்னதை வதனி அரை நிமிடத்தில் முடித்துவிட்டாள். மிச்சம் நாலரை நிமிடம் எங்கே போயிற்று என்று நேசம் அவளை முறைத்தாள். நான் இருவருக்கும் நடுவில் தபாலில் வந்த பார்சல் மாதிரி இருந்தேன்.

டொக்டர் ஒரு வயதான பெண். பேனையைக் கீழே வைத்தார். தாயும் மகளும் ஐந்து நிமிடம் வெளியே இருக்க முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார். நேசத்தின் முகம் சுருங்கிவிட்டது.

"பதினாறு வருஷம் சமைச்சுப் போட்டது நான். இவருக்கு என்ன வருத்தமெண்டு எனக்குத் தெரியாதோ?" என்று கதவுவரை சொல்லிக்கொண்டே போனாள்.

கதவு சாத்தப்பட்டது. டொக்டர் கதிரையை என் பக்கம் திருப்பி, உங்களுக்கு என்ன செய்கிறது, நீங்களே சொல்லுங்கள் என்றார்.

ஊரில் எனக்கு அப்புக்காத்து, அதாவது வக்கீல், என்று பட்டப்பெயர். கோடேறி வழக்காடாவிட்டாலும் அந்தளவுக்கு வாய். அப்படிப்பட்டவனுக்கு அன்றைக்கு ஒரு சொல் வரவில்லை. சுவரில் இருந்த கண் பரிசோதிக்கும் எழுத்துகளை மேலிருந்து கீழாக ஒருமுறை வாசித்தேன். பிறகு, எல்லாம் நல்லம் என்றேன். டொக்டர் என்னை நம்பவில்லை. ஆனால் அவசரப்படுத்தவும் இல்லை. அடுத்த மாதம் முதல் வியாழன் தனியாக வாருங்கள் என்று ஒரு தாளைத் தந்தார். அதன் தலைப்பில் ஒரு கேள்வி, கீழே வெறுமை. உங்களுக்கு என்ன உதவி வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?

அன்று மாலையே அக்காவுக்கு எழுதினேன். அந்தக் கேள்வி முன்பும் ஒருமுறை என் காதில் விழுந்திருக்கிறது. அப்போது கேட்கப்பட்டது அக்காவிடம்.

3

ஊரில் நான் கூட்டுறவுச் சங்கக்கடையில் கிளாக்கர். அது சம்பளத்துக்கு. உண்மையான உத்தியோகம் மற்றவர்களுக்காகக் கதைப்பது. அரசாங்கக் கச்சேரி, தபால் கந்தோர், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, எங்கே போவதென்றாலும் கதைக்கத் தெரிந்த ஆள் ஒருவரைக் கூட்டிப்போவது எங்கள் பக்கத்து முறை. அலுவல் உள்ளவர் பையோடு பின்னால் நிற்பார், கதைக்கிறவர் முன்னால் நிற்பார். பல்லுப் பிடுங்கப் போனவருக்குக்கூட எந்தப் பல் என்று நான்தான் காட்டியிருக்கிறேன். ஒருமுறை பக்கத்துப் பல்லைக் காட்டிவிட்டதாக ஊரில் ஒரு கதை உண்டு. நம்பவேண்டாம்.

அறுபதுகளின் தொடக்கம். அக்காவுக்கு இருபத்தெட்டு வயது. கை மெஷினில் ஊருக்கே சட்டை தைத்துக்கொண்டிருந்தவள் ஒரு மாரிகாலத்தில் தையலை விட்டாள். கூரையில் ஆட்கள் இருந்து தன்னைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்றாள். அவர்களுக்குப் பதிலும் சொன்னாள். சாப்பாட்டை விட்டாள், குளிப்பை விட்டாள். வெருகல் கோயிலுக்கு நேர்த்தி வைத்தோம், கையில் நூல் கட்டினோம். கடைசியில், திருகோணமலை டவுனில் மாதம் ஒருநாள் மனவருத்தத்துக்கு ஒரு டொக்டர் வருகிறார் என்று அறிந்தோம்.

தாய் தகப்பன் இல்லாத எங்கள் வீட்டுக்குப் பெரியமாமாதான் பெரியவர். நல்ல மனிதர், சட்டென்று கோபம் வரும். அவர் ஒரு கட்டளை போட்டார்.

"பொம்பிளைப் பிள்ளையின்ர பேர் அந்தப் புத்தகத்தில ஏறக்கூடாது. பின்னால கட்டிக் குடுக்க ரெண்டு குமர் இருக்கு. உன்ர பேரைக் குடு. ஆம்பிளைக்கு என்ன, கழுவினாப் போயிடும்."

அக்காவைக் கடல் தாண்டிக் கொண்டுபோவதும் லேசான காரியம் இல்லை. மூதூர் ஜெட்டிவரை மாட்டுவண்டி. அங்கிருந்து லோஞ்சுப் படகில் கொட்டியாரக் குடாவைக் கடந்து டவுன். லோஞ்சு ஒன்பதரைக்குப் போய்ச் சேரும். கிளினிக்கில் இலக்கத் துண்டு கொடுப்பதை ஒன்பது மணிக்கு நிறுத்திவிடுவார்கள். முதல்நாளே போய்த் தெரிந்தவர் வீட்டில் தங்கினால்தான் உண்டு. கூரையோடு கதைக்கிற ஆளை எந்த வீட்டில் தங்க வைப்பது?

ஆகவே நான் தனியாகப் போனேன். சிவலிங்கம் என்று கிளினிக் அட்டை போட்டுக்கொண்டேன். அக்காவின் வருத்தத்தை நான் சொன்னேன், மருந்துக் குளிசையை வாங்கி வந்து அக்காவுக்குக் கொடுத்தேன். அங்கிருந்த டொக்டருக்கு உள் விஷயம் தெரியும். அக்காவைக் கூட்டிவரும்படி ஒவ்வொரு முறையும் சொல்வார், நான் லோஞ்சைக் காரணம் காட்டுவேன். எட்டு மாதம் இப்படி ஓடியது.

அக்கா முதலில் தேறினாள். பிறகு முன்னையிலும் மோசமாக விழுந்தாள். பார்த்தால், குளிசை எல்லாம் கிணற்றுக்குள் போயிருக்கிறது. ஏன் எறிந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வருத்தம்தான் எறியச் சொல்கிறது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். பெரியமாமா உறவுக்காரரைக் கூட்டி, கொழும்புப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அவளை விட்டுவிடுவதென்று முடிவெடுத்தார். திரும்பக் கூட்டிவருவது பற்றி அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கதைக்கவில்லை.

அதற்கு டவுன் டொக்டரின் கடிதம் வேண்டும். இனிமேல் ஆளைப் பார்க்காமல் ஒன்றும் எழுதித் தரமாட்டேன் என்று அவர் சொல்லியிருந்தார். நான் ஆங்கிலத்தில் விண்ணப்பம் ஒன்று எழுதினேன். மாமாவின் கட்டளைப்படி அதிலும் பெயர் இல்லை. "எங்கள் குடும்பத்து நோயாளி" என்றுதான் இருந்தது. அருமையான ஆங்கிலம். இங்கே வந்து பதினொரு வருடத்தில் அப்படி ஒன்று நான் எழுதவில்லை.

அக்காவுக்குக் கிளினிக் என்று மட்டும் சொன்னோம்.

4

அக்காவோடு லோஞ்சில் போய் இறங்கி, ஒன்பதரைக்குத் துண்டு இல்லையென்று சொன்ன அற்றெண்டனோடு கதைத்துக் கதைத்தே ஒன்று வாங்கினேன். அந்த வெற்றியோடு அறைக்குள் போனால் பழைய டொக்டர் இல்லை. மாற்றலாகிப் போய்விட்டாராம். யாழ்ப்பாணப் பக்கத்து இளம் டொக்டர் ஒருவர் இருந்தார். அவர் முன்னால் என் பெயர் போட்ட அட்டை. ஒரே ஒரு கதிரைதான் இருந்தது. அதை அக்காவுக்குக் கொடுத்தார்கள். அக்கா தலை வாரி இழுத்து, நல்ல சேலை உடுத்து, பையை மடியில் வைத்து அமைதியாக இருந்தாள்; இடையிடையே வரும் தெளிந்த நாட்களில் அது ஒன்று. நான் நின்றேன்.

நான் சும்மா நிற்கிற ஆளா? தொடங்கினேன். அக்கா எப்படிக் கூரையைப் பார்ப்பாள் என்று பார்த்துக் காட்டினேன். முற்றத்தில் எப்படி நடப்பாள் என்று கதவுக்கும் யன்னலுக்கும் இடையில் நடந்து காட்டினேன். கூரைக்காரருக்கு எப்படி வாய் காட்டுவாள் என்று கையை நீட்டி ஏசியும் காட்டினேன். டொக்டர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அக்காவின் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"அம்மா, தம்பி எவ்வளவு காலமா இப்பிடி?"

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பிறந்ததிலயிருந்து, ஐயா."

டொக்டர் எழுதத் தொடங்கினார். நடப்பது எனக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. எனக்கு வருத்தம் இல்லை என்றேன். எல்லோரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள் என்றார். குரலை உயர்த்தினேன், அற்றெண்டன் வந்து என் பின்னால் நின்றார். அட்டையில் இருப்பது என் பெயர், வருத்தம் மட்டும் அக்காவுடையது என்றேன். டொக்டர் அதையும் எழுதிக்கொண்டார். கடைசியில், அத்தாட்சி காட்டுகிறேன் என்று விண்ணப்பத்தை எடுத்து நீட்டினேன். அதில் இருந்தது இதுதான்: நோயாளியை வீட்டில் வைத்திருக்க ஏலாது, கொழும்புக்கு அனுப்ப ஒழுங்கு செய்யவும். டொக்டர் வாசித்துவிட்டு, இதை யார் எழுதியது என்று கேட்டார். நான்தான் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அவர் என்னை மிகவும் இரக்கத்தோடு பார்த்தார்.

"யோசியாதையும். எல்லாம் ஒழுங்கு செய்வம்" என்றார்.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. வாய் இருக்கிறது, நல்ல தமிழ் இருக்கிறது, அதைவிட நல்ல ஆங்கிலம் இருக்கிறது. ஒரு சொல்லும் எடுபடவில்லை. நான் என்ன சொன்னாலும் அதையும் வருத்தம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். நான் அந்த இடத்தில் நின்றது இரண்டு நிமிடம் இருக்கும். அக்கா எத்தனையோ மாதமாக அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள்; அவளை அங்கே நிறுத்தியவர்களில் நானும் ஒருவன்.

டொக்டர் அக்காவிடம், தம்பியைக் கொழும்புக்கு அனுப்பச் சொல்லி எழுதியிருக்கிறது, உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். அக்காவின் முகத்தில் இருந்த குறும்பு மறைந்தது. அந்தக் கடிதம் யாரைப் பற்றியது என்று அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். அவள் ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றைக்கு நான் கொழும்புக்குக் கோச்சி ஏறியிருப்பேன். அது எனக்குத் தகும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அக்கா கதிரையைவிட்டு எழும்பினாள்.

"ஐயா, வருத்தக்காரி நான். இவன் கதைக்க வந்தவன். என்னைக் கேளுங்கோ."

டொக்டர் பேனையை வைத்துவிட்டு, மேசை லாச்சியைத் திறந்து புதிய அட்டை ஒன்றை எடுத்தார். பெயர் கேட்டார். நான் மாமாவை நினைத்து இருமினேன். அக்கா என் இருமலுக்கு நிற்கவில்லை. தன் பெயர், தகப்பன் பெயர், ஊர், குறிச்சி எல்லாவற்றையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பிறகு டொக்டர் கேட்டார், உங்களுக்கு என்ன உதவி வேண்டும் என்று.

அக்கா தன் இரண்டு கையையும் மேசையில் வைத்தாள்.

"அந்தக் குளிசை போட்டாக் கூரையில சத்தம் குறையுது. அது நல்லம், ஐயா. ஆனா கை நடுங்குது. ஊசியில நூல் கோக்க ஏலாது. தைக்காமல் நான் இருந்து என்னத்துக்கு? அதுதான் கிணத்தில போட்டனான். கை நடுங்காத அளவுக்குத் தாங்கோ, ஒழுங்காப் போடுறன். கொழும்புக்கு நான் போகமாட்டன்."

இவ்வளவுதான் விஷயம். எட்டு மாதம் நான் வாய் ஓயாமல் கதைத்தும் அதில் ஒரு வரிகூட அந்த மேசைக்கு வரவில்லை.

டொக்டர் குளிசையின் அளவைக் குறைத்தார், நடுக்கத்துக்கு வேறொன்று சேர்த்தார். எப்படி இருக்கிறது என்று மாதாமாதம் நீங்களே வந்து சொல்லவேண்டும் என்றார். என் விண்ணப்பத்தை மடித்து என்னிடமே தந்தார். அக்கா அதோடு விடவில்லை. லோஞ்சு ஒன்பதரைக்குத்தான் வரும், துண்டு ஒன்பதுக்கு முடிகிறது, எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வருத்தம் வரக்கூடாதா என்று கேட்டாள். டொக்டர் சிரித்துவிட்டு, லோஞ்சுக்காரருக்கென்று ஐந்து துண்டை எடுத்து வைக்கும்படி அற்றெண்டனிடம் சொன்னார்.

என் அட்டையைக் கிழித்துவிடலாமா என்று கேட்டேன்.

"கொஞ்ச நாள் கிடக்கட்டும்" என்றார் டொக்டர்.

5

திரும்பும் லோஞ்சில் அக்கா என் நடிப்பை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. பக்கத்தில் இருந்த மூதூர் முஸ்லிம் பெண்மணி ஒருவர், என்ன விஷயம் என்று கேட்டு, கதையைக் கேட்டு, தானும் சேர்ந்து சிரித்தார். அந்த லோஞ்சில் நான் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று எழுத ஆசைதான். கேட்கவில்லை. கச்சான் கடலை வாங்கிக் கொடுத்தேன். அவள் பாதியை எனக்குத் தந்தாள்.

வீட்டில் பெரியமாமா வாசலில் நின்றார். கடிதம் எங்கே என்றார்.

"கடிதம் இல்லை மாமா. நூல் வாங்கிக்கொண்டு வந்தனான்" என்று சொல்லிக்கொண்டே அக்கா உள்ளே போனாள். மாமா என்னைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்தடவையாக நான் ஒன்றும் கதைக்கவில்லை.

அக்காவின் வருத்தம் முற்றாகப் போய்விடவில்லை. சில மாரிகளில் கூரைக்காரர் இன்றும் வருகிறார்கள். அவள் கிளினிக்குக்குப் போய்ச் சொல்லுவாள். குளிசை கூடும், பிறகு குறையும். அந்த ஐந்து துண்டில் கிளிவெட்டி வயற்காரரும் மூதூர் மனிதரும் மருந்து எடுத்தார்கள். லோஞ்சில் சிரித்த பெண்மணியும் அடுத்த மாதம் தன் மகளைக் கூட்டிவந்தார். எங்கள் இரண்டு தங்கைமாருக்கும் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் அக்காவைப் பற்றிக் கேட்டபோது, அக்காவே முன்னால் வந்து பதில் சொன்னாள். அவர்களுடைய கலியாணச் சட்டைகளைத் தைத்ததும் அவள்தான்.

நீங்கள் யாரையாவது கிளினிக்குக்குக் கூட்டிப்போனால், குடையைக் கொண்டுபோங்கள், பசிக்குப் பணிஸ் கொண்டுபோங்கள். வாயை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

6

வியாழனுக்கு இரண்டு நாள் முன்பு அக்காவின் பதில் வந்தது. இதை எழுதலாமா என்று கேட்பதற்கு முன்பு வந்த அந்த முதல் கடிதத்தில் இப்படி இருந்தது: "டொக்டர் கேட்டால் பெரிய விஷயத்தைத் தேடாதே, அது வராது. சின்னதாக ஒன்றைச் சொல்லு. நான் ஊசியில்தான் துவங்கினேன். நேசத்தை வெளியில் இருக்கச் சொல்லு, கோபித்தால் நான் சொன்னதாகச் சொல்லு. நீ கதைக்கத் தெரிந்தவன் என்று நினைக்காதே, தம்பி. நீ மற்ற ஆட்களுக்காகத்தான் கதைத்திருக்கிறாய். உனக்காக ஒருநாளும் கதைத்ததில்லை."

அதை வாசித்துக்கொண்டே குசினிக்குள் போனேன். வதனி தண்ணீர் குடிக்க வந்தவள் என் கையில் கடிதத்தைக் கண்டு, என்ன என்று தமிழில் கேட்டாள். யோக மாமி எனக்கு ஏசியிருக்கிறா என்றேன். அவளுக்கு அது பிடித்துவிட்டது. முழுவதையும் வாசித்துக் காட்டச் சொன்னாள். பிறகு அட்டைக் கதையையும் கேட்டாள். "பிறந்ததிலயிருந்து" என்ற இடத்தில் தண்ணீர் புரையேறும்வரை சிரித்தாள்.

வியாழக்கிழமை நேசமும் வந்தாள். ஆனால் யாரும் சொல்லாமலே வெளி வாங்கில் உட்கார்ந்து பின்னல் வேலையை எடுத்தாள். நான் தனியாக உள்ளே போனேன். டொக்டர் அந்தத் தாளைப் பார்த்தார். கீழ்ப்பாதி இன்னும் வெறுமையாகவே இருந்தது. அவர் பேனையோடு காத்திருந்தார்.

சின்னதாக ஒன்று. தொழிற்சாலையில் தேநீர் நேரம் பத்து நிமிடம் என்றேன். அந்தப் பத்து நிமிடம்தான் மெஷின் நிற்கும், ஆட்கள் கதைக்கலாம். என் மேசையில் ஒரு கிழவர் இருப்பார். புறா வளர்க்கிறவர். அவர் புறாவைப் பற்றிச் சொல்வார், நான் லோஞ்சைப் பற்றிச் சொல்வேன். குளிர் தொடங்கியபோது அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அந்தக் கதிரையில் இப்போது ஒருவரும் இருப்பதில்லை.

அவ்வளவுதான் சொல்ல நினைத்தேன். ஆனால் அதன் பின்னால் மற்றதெல்லாம் வரிசையாக வந்தது. வீட்டில் வாய் அடைத்துப்போனது, மகளோடு கதைக்க எந்த மொழியிலும் எனக்குச் சொல் போதாமல் இருப்பது, ஒவ்வொரு நாளும் எட்டு மணித்தியாலம் பிஸ்கட் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது. நான் அழுதேன். டொக்டர் ஒரு முறையும் இடையில் பேசவில்லை. நான் முடித்ததும், எவ்வளவு காலமாக இப்படி இருக்கிறது என்று கேட்டார்.

என்னையறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணீரோடு, அறை அதிரச் சிரித்தேன். கதவு திறந்து, பின்னல் ஊசியோடு நேசம் எட்டிப் பார்த்தாள். நான் கையைக் காட்டி அவளை வெளியே இருக்கச் சொன்னேன்.

"என் அக்காவைக் கேட்டால், பிறந்ததிலிருந்து என்பாள்" என்று டொக்டரிடம் சொன்னேன். "என்னைக் கேட்டால், போன கார்த்திகையிலிருந்து."

டொக்டர் அதை எழுதிக்கொண்டார். அட்டையில் என் பெயர் இருந்தது. இந்த முறை வருத்தக்காரனும் நான்தான்.